ஜிம்முக்கு நேரமில்லாதவரின் எடைக் கணக்கு

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு வலுத்ததும் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில், இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி. 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் அதை 90 மணிக்குக் கொண்டுபோனார். ஒவ்வொரு முறையும் குடும்பம், மன அழுத்தம், சம்பளம் என்று விவாதம் சூடாக நடந்தது. இடுப்புச் சுற்றளவு அதில் அவ்வளவாக அடிபடவில்லை.

ஆனால் இடுப்பின் நிலைமை லேசானதல்ல. 2019-21ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடையோடு இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு 2023ல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் இருப்பதாகவும் அது சொன்னது.

இதற்கு எல்லோரும் வைத்திருக்கும் விளக்கம் ஒன்றுதான்: வேலை நேரம் நீளம், அதனால் உடற்பயிற்சிக்கு நேரமில்லை, அதனால் தொப்பை. கேட்க நியாயமாக இருக்கும் இந்தச் சங்கிலியில் நடுக் கண்ணி தவறு. நீண்ட வேலை நேரம் எடையைக் கூட்டுவது உண்மை. ஆனால் பெரும்பாலும் அது ஜிம் வழியாகக் கூட்டுவதில்லை. சாப்பாட்டு நேரத்தையும் தூக்கத்தையும் குலைத்துத்தான் கூட்டுகிறது. எப்படி என்று அடியிலிருந்து பார்க்கலாம்.

உடம்பு எங்கே செலவு செய்கிறது?

உடம்பு ஒரு நாளில் செலவழிக்கும் ஆற்றலை நான்காகப் பிரிக்கலாம்.

1. அடிப்படைச் செலவு. சும்மா படுத்திருந்தாலும் இதயம், மூளை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் ஓடுவதற்கு ஆகும் செலவு. அலுவலக வேலை செய்பவருக்கு மொத்தத்தில் 60 முதல் 70 சதவீதம் இதிலேயே போய்விடும்.

2. செரிமானச் செலவு. சாப்பிட்டதைச் செரிக்க ஆகும் செலவு, சுமார் 10 சதவீதம். புரதத்துக்கு இது அதிகம், கொழுப்புக்குக் குறைவு.

3. சிறு அசைவுச் செலவு. பஸ் பிடிக்க நடப்பது, மாடி ஏறுவது, துணி மடிப்பது, நின்றுகொண்டு பேசுவது, காலை ஆட்டுவது. உடற்பயிற்சி என்று நாம் எண்ணாத எல்லா அசைவும் இதில் அடங்கும்.

4. உடற்பயிற்சிச் செலவு. நேரம் ஒதுக்கிச் செய்வது.

பேச்செல்லாம் நான்காவதைப் பற்றியே நடக்கிறது. ஆளுக்கு ஆள் மிக அதிகமாக மாறுவதோ மூன்றாவது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவின் குழு 1999ல் ஒரு சோதனையை வெளியிட்டது. 16 பேருக்கு எட்டு வாரம், தினமும் அவரவர் தேவைக்கு மேல் 1,000 கலோரி கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு கூடுதல்தான். ஆனால் ஒருவருக்குக் கொழுப்பு 0.36 கிலோ மட்டுமே ஏறியது, இன்னொருவருக்கு 4.23 கிலோ. இந்த வித்தியாசத்தைப் பெரிதும் விளக்கியது சிறு அசைவுதான். சிலர் தங்களுக்கே தெரியாமல் கூடுதலாக அசைந்து செலவழித்திருக்கிறார்கள். ‘எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது’ என்று நாம் சிலரைச் சொல்வோமே, அவர்களின் ரகசியத்தில் ஒரு பங்கு இது.

நீண்ட நேர மேசை வேலை முதலில் கை வைப்பதும் இந்த மூன்றாவது கணக்கில்தான். வாசலில் கேப், அலுவலகத்தில் லிஃப்ட், மேசைக்கே வரும் தண்ணீர் பாட்டில், எதிர் மேசைக்காரரிடம்கூடச் சாட்டில் பேச்சு. ஜிம் மட்டும்தான் போனது என்று நினைக்கிறோம். அதற்கு முன்பே நடையே போய்விட்டது.

அரை மணி நேர நடையும் ஒரு டம்ளர் டீயும்

கணக்குக்காக ஒரு ஆளை வைத்துக்கொள்வோம். ஆண், வயது 35, உயரம் 168 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. சென்னைக்காரர்: வீடு மேடவாக்கம், மேசை வேலை சிறுசேரியில். வழக்கமான சூத்திரப்படி இவருடைய அடிப்படைச் செலவு சுமார் 1,660 கலோரி. செரிமானமும் சிறிதளவு நடமாட்டமும் சேர்த்து நாளுக்கு 2,150 அளவில் வரும்.

இவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால், அதே நேரம் உட்கார்ந்திருப்பதைவிட எவ்வளவு கூடுதலாகச் செலவாகும்? சுமார் 90 கலோரி. டீக்கடையில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட பால் டீ ஒன்றும் அதே 90தான். நடந்து முடித்த கையோடு கடையில் நின்று ஒரு டீ குடித்தால் கணக்கு நேராகிவிட்டது. கூட ஒரு வடை எடுத்தால் கணக்கு உதைக்கும்.

உடம்புக் கொழுப்பு ஒரு கிலோ குறைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். வெறும் அரை மணி நேர நடையை நம்பினால் ஒரு கிலோவுக்குக் கிட்டத்தட்ட மூன்று மாதம், அதுவும் ஒரு நாள் விடாமல். மாடிப்படி இன்னும் கஞ்சம். பத்து மாடி ஏறினாலும் 30 கலோரியைத் தாண்டாது. நின்றுகொண்டு வேலை செய்யும் மேசை என்று ஒன்றை ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கிறார்கள். 65 கிலோ எடையுள்ளவர் நாளுக்கு ஆறு மணி நேரம் உட்காருவதற்குப் பதில் நின்றால் கூடுதலாகப் போவது 54 கலோரி என்று 2018ல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். ஒன்றரை பிஸ்கட்.

சொல்ல வருவது நடக்க வேண்டாம் என்பதல்ல. நடையின் வேலை வேறு, அதற்குப் பின்னால் வருகிறேன். எடை குறைப்பில் பெரிய பங்கு தட்டில் இருக்கிறது, தட்டைச் சரிசெய்யத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. நேரமில்லாதவருக்கு இது நல்ல செய்தி.

ஒரு நாளின் தட்டு

நம்முடைய சிறுசேரிக்காரரின் ஒரு நாளைப் பார்ப்போம். அளவுகள் தோராயம், வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை மாறும்.

1. காலை 7:45. காபி, மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி, சாம்பார். சுமார் 420 கலோரி.

2. காலை 11:00. டீ. 90.

3. மதியம் 1:30. டிபன் பாக்ஸில் 300 கிராம் சாதம், சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல். 640.

4. மாலை 4:30. கேட்டுக்கு வெளியே டீ, இரண்டு வாழைக்காய் பஜ்ஜி. 290.

5. இரவு 7:30. மீட்டிங் முடியாததால் இன்னொரு டீ, நான்கு பிஸ்கட். 230.

6. இரவு 10:15. வீட்டில் மூன்று தோசை, சட்னி. 550. வாரத்தில் இரண்டு நாள் வழியிலேயே மூன்று பரோட்டா, சால்னா. அன்றைக்கு 930.

தோசை நாளில் மொத்தம் 2,220, பரோட்டா நாளில் 2,600. சராசரி 2,330 பக்கம். செலவு 2,150. தினசரி மிச்சம் 180 மட்டுமே. இவரைப் பெருந்தீனிக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இந்த 180 வருடக்கணக்கில் சேரும்போதுதான் பேண்ட் கொக்கி மாட்ட மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது கடிகாரம். மாலை 4:30க்கு அப்புறம் உள்ளே போவது தோசை நாளில் 1,070, பரோட்டா நாளில் 1,450. அதாவது நாளின் சாப்பாட்டில் கிட்டத்தட்ட பாதி அல்லது பாதிக்கு மேல், வேலை நேரம் நீண்டுபோன அந்த ஆறு மணி நேரத்துக்குள் வருகிறது. காலையிலும் மதியமும் இவர் சாப்பிடுவது வீட்டுச் சாப்பாடு, அளவானதும்கூட. ‘டயட்’ என்றதும் பலர் முதலில் காலை இட்லியைக் குறைக்கிறார்கள், சிலர் காலைச் சாப்பாட்டையே விட்டுவிடுகிறார்கள். பிரச்சினை அங்கே இல்லை.

பஜ்ஜியைத் தினத்தாள் துண்டில் வைத்து அழுத்தி எண்ணெயை எடுத்துவிட்டுச் சாப்பிடுகிறவர்களை எந்தக் கடை வாசலிலும் பார்க்கலாம். தாளில் வருவது மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய். மாவு குடித்த எண்ணெய் உள்ளேயேதான் இருக்கும். அச்சு மை வேறு கூடவே வருகிறது.

சாயங்காலப் பசி எங்கிருந்து வருகிறது?

இதை மனக்கட்டுப்பாட்டுக் குறைவு என்று சொல்வது சுலபம். ஆனால் இதற்குக் காரணங்கள் தனித்தனியாக உண்டு.

1. இடைவெளி. மதியம் 1:30க்குச் சாப்பிட்டவர் அடுத்த முறை ஒழுங்காகச் சாப்பிடுவது இரவு 10:15க்கு. கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம். இந்த இடைவெளியில் எந்த உடம்புக்கும் பசிக்கும். அந்தப் பசியோடு பரோட்டாக் கல்லின் சத்தம் கேட்கும் தூரத்தில் வண்டியை நிறுத்தினால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கிறது.

2. புரதக் குறைவு. மூன்று இட்லி, 300 கிராம் சாதம், சாம்பார் எல்லாம் சேர்ந்து மாலை வரை கிடைக்கும் புரதம் 20 கிராம் சுற்று வட்டாரம். இவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 55 முதல் 65 கிராம் தேவை. வயிறு நிறைந்திருக்கும் உணர்வை நீட்டிப்பதில் புரதத்துக்கு முதலிடம். அது குறைந்தால் வயிறு சீக்கிரம் கேட்கத் தொடங்கும்.

3. கைக்கு எட்டும் பொருள். இரவு 7:30க்கு அலுவலகத்தில் கிடைப்பது பிஸ்கட், சிப்ஸ், மிக்சர். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019ல் வெளியிட்ட சோதனையில், 20 பேரை இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவிலும் இரண்டு வாரம் சாதாரண உணவிலும் வைத்தார்கள். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரு பக்கமும் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டபோது, பதப்படுத்திய உணவுக் காலத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. இரண்டு வாரத்தில் 0.9 கிலோ ஏறியது.

4. தூக்கம். இதை ஒரு வரியில் கடந்துவிட முடியாது.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, மொபைலைப் பார்த்துவிட்டுப் படுக்க நள்ளிரவு தாண்டுகிறது. காலை ஆறு மணிக்கு எழ வேண்டும். நீண்ட வேலை நாளில் எல்லோரும் முதலில் கடன் வாங்குவது தூக்கத்திடம்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2010ல் வெளியான ஒரு சோதனை இந்தக் கடனுக்கான வட்டியைக் காட்டியது. எடை அதிகமுள்ள பத்துப் பேரைக் குறைந்த கலோரி உணவில் வைத்து, இரண்டு வாரம் 8.5 மணி நேரமும் இன்னொரு இரண்டு வாரம் 5.5 மணி நேரமும் படுக்கையில் இருக்க வைத்தார்கள். இரண்டு காலத்திலும் எடை சுமார் மூன்று கிலோ குறைந்தது. தராசுக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் தூக்கம் குறைந்த காலத்தில் கரைந்த கொழுப்பு 55 சதவீதம் குறைவு. அந்த இடத்தில் தசை போயிருந்தது. பசியும் கூடியிருந்தது.

அதே பல்கலைக்கழகத்தின் 2022ஆம் ஆண்டு ஆய்வு இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தது. தினமும் ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும், எடை அதிகமுள்ள 80 பேரில் ஒரு பகுதியினரின் தூக்கத்தைச் சராசரியாக 1.2 மணி நேரம் கூட்டினார்கள். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் உட்கொண்டது நாளுக்கு 270 கலோரி தானாகக் குறைந்தது. நம் ஆளின் தினசரி மிச்சம் 180 என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காலை 4:30க்கு அலாரம் வைத்து, ஐந்து மணி நேரத் தூக்கத்தில் எழுந்து ஜிம்முக்கு ஓடுவதைப் பலர் சாதனையாகச் சொல்கிறார்கள். எடை குறைப்பதுதான் நோக்கம் என்றால் அது நஷ்ட வியாபாரம் என்பது என் கருத்து.

நடை எதற்கு, அப்போது?

1953ல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மோரிஸ் லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றி ஒரு ஆய்வை வெளியிட்டார். மாடி பஸ்ஸின் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், நடத்துநர் ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் ஏறி இறங்குவார். ஒரே நிறுவனம், ஒரே மாதிரி ஆட்கள். ஆனால் இதய ரத்தக்குழாய் நோய் நடத்துநர்களுக்குக் குறைவாக இருந்தது, வந்தாலும் கடுமை குறைவாக இருந்தது. பிறகு மோரிஸ் இவர்களின் சீருடைக் கணக்கையும் எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பு அளவு பெரிதுதான். ஆனால் ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று எந்த உடல்வாகை எடுத்தாலும் நடத்துநரின் பாதுகாப்பு தெரிந்தது. அசைவின் பலன் எடையை நம்பி இல்லை.

சென்னையிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. மருத்துவர் அ.ராமச்சந்திரன் குழு 2006ல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைச் சுமார் இரண்டரை ஆண்டு கண்காணித்தார்கள். நடை, உணவு மாற்றம் என்று ஆலோசனை பெற்ற குழுவில் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களின் எடை பெரிதாக இறங்கவே இல்லை.

நம்மவர்களுக்கு இது கூடுதல் முக்கியம். புனே மருத்துவர் சி.எஸ்.யாஜ்னிக்கும் அவருடைய பிரிட்டிஷ் நண்பர் ஜான் யுட்கினும் 2004ல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தை அருகருகே போட்டார்கள். இருவரின் பி.எம்.ஐ. அளவும் (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 22.3. யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2. இந்தியருக்கு பி.எம்.ஐ. 23ஐத் தாண்டினாலே அதிக எடை, 25ஐத் தாண்டினால் பருமன் என்று மருத்துவர்கள் வரம்பைக் கீழே இறக்கியதற்குக் காரணம் இந்த உடல்வாகு. நம் சிறுசேரிக்காரரின் அளவு 27.6. இடுப்பளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80ஐயும் தாண்டக் கூடாது என்பது இன்னொரு வரம்பு.

நேர அளவிலும் பிடிவாதம் தேவையில்லை. வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம், குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை 2020ல் கைவிட்டுவிட்டது. இரண்டு நிமிடமும் சேரும். நாளுக்கு 10,000 காலடி என்ற எண் 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது, ஆராய்ச்சியில் பிறந்தது அல்ல. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகச் சோதனை ஒன்றில், 60 படிகளை வேகமாக ஏறுவதை ஒரு நாளில் மூன்று தடவை, வாரத்தில் மூன்று நாள், ஆறு வாரம் செய்தவர்களுக்கு இதயத் திறன் சுமார் 5 சதவீதம் கூடியது. கலோரி என்று பார்த்தால் சில்லறை, இதயத்துக்கு அது சில்லறை அல்ல.

இங்கே ஒன்று. நாள் முழுக்க நிற்பதையும் அசைவு என்று எண்ணிவிடக் கூடாது. தியாகராய நகர் துணிக்கடைகளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு எடை தானாகக் குறைந்துவிடுவதில்லை, நரம்புச் சுருளும் கால் வீக்கமும்தான் மிச்சம். 2021ல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் ஆக்கியது அதனால்தான்.

எதை மாற்றினால் போதும்?

மேலே உள்ள பட்டியலில் காலையையும் மதியத்தையும் தொடாமல் பார்க்கலாம்.

1. சாயங்காலம் 6:30க்கு ஒரு நிஜமான சாப்பாடு. ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் என்றால் 250 கலோரி, 13 கிராம் புரதம். வேகவைத்த முட்டை இரண்டு என்றால் 150 கலோரி, 12 கிராம் புரதம். காலையில் டிபன் பாக்ஸ் கட்டும்போதே இதற்கும் ஒரு டப்பா. ராத்திரி ஊறப்போட்ட கடலை, காலையில் குக்கரில் சாம்பார் பருப்போடு இன்னொரு பாத்திரத்தில் வெந்துவிடும். நான் ஒரே ஒரு மாற்றத்தைச் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

2. 6:30க்குச் சாப்பாடு கையில் இருப்பதால் 4:30 பஜ்ஜியை விட்டுவிடலாம், அதைச் சாப்பிட்டபின் 7:30 டீ பிஸ்கட்டும் தேவைப்படாது. 4:30 டீ இருக்கட்டும்.

3. ராத்திரி இரண்டு தோசை, சாம்பார். 380. பசி அடங்கி வீட்டுக்கு வருவதால் மூன்றாவது தோசைக்குக் கை நீளாது.

4. காபி, டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையை அரை ஸ்பூனாக்குவது. ஒரு டம்ளருக்கு 30 கலோரி. கடையில் ‘சக்கரை கம்மி’ என்றால் அவர் பாதிதான் குறைப்பார், ‘சக்கரை இல்லாம’ என்று சொல்லி நாமே போட்டுக்கொள்வது உத்தமம். நாக்கு பழக இரண்டு மூன்று வாரம் ஆகும்.

கூட்டிப் பார்த்தால் தோசை நாளின் 2,220 இப்போது 1,780. பற்றாக்குறை 370. நான்கு கிலோவுக்கு 30,800 கலோரி, வகுத்தால் 83 நாள். நிஜத்தில் கல்யாணம், பிறந்தநாள் கேக், பிரியாணி எல்லாம் வருவதால் மூன்றரை, நான்கு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். உடம்பு எடையில் 5 சதவீதம் குறைந்தாலே ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கல்லீரல் கொழுப்பு எல்லாவற்றிலும் மாற்றம் தெரியும்.

இதோடு இரண்டு சின்ன வேலைகள். ஒன்று, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பின்னால் பத்து நிமிட நடை. சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையைத் தசை அப்போதே இழுத்துக்கொள்ளும், மதியத் தூக்கமும் கலையும். இரண்டு, வாரத்தில் மூன்று நாள் பத்துப் பத்து நிமிடம் உட்கார்ந்து எழுவது, சுவரிலோ தரையிலோ தண்டால். எடை இறங்கும்போது போவதில் கால் பங்கு வரை தசையாக இருக்கலாம், அதைத் தடுப்பதற்கு.

ராத்திரி ஷிஃப்ட் என்றால்

இவர்களின் கணக்கு தனி. உடம்புக் கடிகாரம் இரவில் இன்சுலின் வேலையை மந்தமாக்கி வைத்திருக்கும். அதே சாப்பாடு பகல் ஒரு மணியைவிட இரவு ஒரு மணிக்குச் சாப்பிட்டால் சர்க்கரையை அதிகம் ஏற்றும். 2021ல் 19 பேரை வைத்து இரவு வேலைச் சூழலை உண்டாக்கி ஒரு சோதனை நடந்தது. இரவில் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை 6.4 சதவீதம் கூடியது, இரவு விழித்திருந்தாலும் பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை.

ஆகவே கேப் வரும் முன் வீட்டில் இரவுச் சாப்பாட்டை முடிப்பதும், நள்ளிரவுக்கும் ஐந்து மணிக்கும் இடையே மோர், பழம், ஒரு முட்டை என்ற அளவில் நிறுத்துவதும், வீடு திரும்பியதும் லேசான காலைச் சாப்பாட்டோடு படுப்பதும் நல்லது. இரண்டு மணிக்கு கேன்டீனில் தரும் பிரியாணி இலவசமாகவே இருந்தாலும்.

வேலைக்குப் போகும் பெண்கள்

மேலே சொன்னதில் ‘டப்பா கட்டிக்கொண்டு போவது’ என்ற வரியை யார் செய்வது என்று கேட்டால் கதை மாறும். 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்குச் சராசரி 289 நிமிடம், ஆண்கள் 88. அலுவலகத்தில் அந்தப் பெண்ணுக்கும் அதே நீண்ட வேலை நேரம்தான். வீட்டு வேலையில் அசைவு இருக்கிறது, உண்மை. ஆனால் அது பிடுங்குவது தூக்கத்தை. எல்லோருக்கும் பரிமாறி முடித்துப் பத்தரை மணிக்கு மேல், மிஞ்சிய சாதத்தை வீணாக்காமல் சாப்பிடுவதும் இதில் சேரும். அந்த வீடுகளில் எடை குறைப்புத் திட்டத்தின் முதல் வரி, பாத்திரம் கழுவுவதையும் மாவு அரைப்பதையும் யார் எடுத்துக்கொள்வது என்பதாக இருக்க வேண்டும். மாதவிடாய் ஒழுங்கற்றிருந்தாலோ காரணமின்றிச் சோர்வு இருந்தாலோ தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி சோதனைகளை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

ஊசி போட்டால் முடிந்துவிடாதா?

2025 மார்ச்சில் மவுஞ்சாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபின் இந்தக் கேள்வி நிறைய வருகிறது. பசியைக் குறைத்து, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும் மருந்துகள் இவை. வேலை செய்கின்றன. மருத்துவர் மேற்பார்வையில், தேவைப்படுபவருக்கு. வெகோவியில் உள்ள செமாகுளூடைடை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பியது என்று அந்த மருந்தின் ஆய்வே காட்டியிருக்கிறது. ஒன்பது மணி நேர இடைவெளியும் ஐந்தரை மணி நேரத் தூக்கமும் அப்படியே காத்துக்கொண்டிருந்தால் வேறென்ன நடக்கும்?

மூன்றாம் மாதம் தராசு நின்றுவிட்டால்

முதல் வாரத்திலேயே ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கலாம். அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பில் சேமித்த மாவுச்சத்து ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அது கரையும்போது தண்ணீரும் வெளியேறும். அடுத்த வாரங்களில் வேகம் குறைவதைப் பார்த்துப் பலர் திட்டம் தோற்றுவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது மாதம் நிற்பதற்குக் காரணம் வேறு. 78 கிலோ உடம்பு 74 ஆனதும் அதன் தினசரிச் செலவும் 50 கலோரி அளவில் இறங்கும். உடம்பு சிக்கனம் பிடிக்கத் தொடங்குவதால் இன்னும் கொஞ்சம் குறையும். தொடக்கத்தில் 370 ஆக இருந்த பற்றாக்குறை 250க்குச் சுருங்கியிருக்கும், கூடவே மூன்றாவது தோசையும் சனிக்கிழமை பரோட்டாவும் மெல்லத் திரும்பியிருக்கும். அப்போது மதியச் சாதத்தில் 100 கிராமைக் குறைத்து அந்த இடத்தில் கூட்டோ பொரியலோ வைத்தால் 70 கலோரி மீளும். ராத்திரி படுக்கும் நேரத்தை முக்கால் மணி முன்னால் இழுக்க முடிந்தால் அதைவிட அதிகமாகவே மீளலாம்.

தராசை நாள்தோறும் பார்ப்பதைவிட வாரத்தில் ஒரே கிழமை, காலையில், வெறும் வயிற்றில் பாருங்கள். கூடவே தையல்காரர் நாடாவால் இடுப்பையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மூச்சை வெளியே விட்ட நிலையில், கீழ் விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், நாடா தோலை அழுத்தாமல். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும்.